போ பாய்

முல்லா வீதியில் நின்று குத்புதீன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். போ பாய் வீடு எது என்று கேளுங்கள். வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டு, திரும்பும்போது ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் தேவதாஸ். வைத்த விதத்தையும், அதற்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்ட விதத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேவதாஸ் இன்னும் இதே புதுச்சேரியில்தான் இருக்கிறான். படிக்கட்டும்.

குத்புதீனுக்குத் தொழில், பழைய மேசை நாற்காலிகளில் கெட்டுப்போன தோலைச் சரிபண்ணுவது. நான் தச்சு வேலைக்காரன். மரத்தில் உள்ள கோளாறு என் பாடு, தோலில் உள்ளது அவர் பாடு. வெள்ளைக்காரர்களுடைய எழுத்து மேசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்பலகையில் சுற்றிலும் விளிம்பு விட்டு, நடுவில் ஒரு நூல் ஆழத்துக்குக் குழித்திருப்பார்கள். அந்தக் குழியில் ஆட்டுத்தோலை ஒட்டி, ஓரம் முழுக்கத் தங்க ரேக்கில், காகிதத்தைவிட மெல்லிசான தங்கத் தகட்டில், கொடி ஓடவிட்டிருப்பார்கள். பேனா மெத்தென்று ஓட வேண்டுமாம். அவர்கள் தேசத்தில் அது எத்தனை காலம் நிற்குமோ தெரியாது, நம் கடற்காற்றில் நிற்காது. உப்பு ஏறி வெடிக்கும், ஓரம் கிளம்பும், கிளம்பின இடத்தில் கரப்பான் புகுந்து பசையைத் தின்னும். அப்போது ஆள் அனுப்புவது குத்புதீனுக்குத்தான்.

நல்ல வேலைக்காரர். நல்ல மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். பசை காய்ச்சும்போது யாராவது குறுக்கே பேசினால் கரண்டி பறக்கும். எனக்கும் அவருக்கும் வெகுநாள் பழக்கம், அதில் பாதி நாள் பேச்சுவார்த்தை கிடையாது. தற்பெருமைக்கும் குறைச்சல் இல்லை. "மத்தவன் ஒட்டினா அது தோலு, மேஸ்திரி. நான் ஒட்டினா அது மேனி" என்பார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

1954. பிரெஞ்சுக் கொடி இறங்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மதாம், புருஷன் முன்னாலேயே கப்பலேறிவிட்டார், அவளுடைய அப்பா காலத்து எழுத்து மேசை ஒன்றைக் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்று நின்றாள். தேக்கு மேசை. மேலே கருஞ்சிவப்புத் தோல். ஒரு மூலையில் தோல் காய்ந்து கிளம்பியிருந்தது, ஒரு காலும் ஆடிக்கொண்டிருந்தது. காலுக்கு என்னையும் தோலுக்குக் குத்புதீனையும் கூட்டிக்கொண்டு போனவன் தேவதாஸ். அவனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. மதாம்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசிவிடுவதுதான் அவன் பிழைப்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, விரலிடுக்கில் சிகரெட். எங்களை உள்ளே விட்டுவிட்டு அவன் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டான்.

நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாயின் வெறுங்கால் இரண்டும், மதாமின் செருப்பு இரண்டும்தான். மதாம் என்னவோ மடமடவென்று பொழிந்தாள். அப்புறம் மேசையைத் தட்டினாள்.

"லா போ!"

பாயின் கால் அசையவில்லை.

"லா போ! லா போ!"

அந்த வீடுகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மதாம்களுக்கு வருகிற தமிழே நாலு வார்த்தைதான்: வா, போ, தண்ணீர், சீக்கிரம். அதில் ஒன்று எங்கள் காதில் விழுந்தது.

"இன்னா மேஸ்திரி இது, வந்ததும் வராததுமா போங்கறா?"

"உன்னைச் சொல்றாளா, என்னைச் சொல்றாளா?" என்றேன் அடியிலிருந்து.

"நீ கீழ கெடக்கறே, உன்னை எதுக்குச் சொல்லப் போறா? என்னைப் பாத்துத்தான் சொல்றா. கைய வேற காட்டறா."

அவள் காட்டியது தோல் கிளம்பியிருந்த மூலையை. அந்த மூலைக்கு நேரே வாசல் இருந்தது. எங்கள் நேரம்.

"ஏம்மா, ஆளனுப்பிக் கூப்புட்டுட்டு போன்னா இன்னா அர்த்தம்? நான் இன்னா நாயா?" என்று பாய் குரலை உயர்த்தினார். அவளுக்கு இவர் பேசினது புரியவில்லை. தான் சொன்னது இவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் இழுத்தாள்.

"லா... போ..."

"கேட்டியா, நிறுத்தி நிறுத்திச் சொல்றா. எழுந்திரு மேஸ்திரி."

கத்தியையும் தோலை அழுத்துகிற எலும்புத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு பாய் நடந்தார். நானும் உளியைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். வராந்தாவில் தேவதாஸ் அதே தூணில் சாய்ந்திருந்தான். உள்ளே நடந்த அத்தனையும் அவன் காதில் விழுகிற தூரம்.

"இன்னா பாய், கிளம்பிட்டே?"

"உன் மதாம் போன்னுட்டா. இனிமே இந்த வாசல்ல என் நெழலு விழாது."

தேவதாஸ் புகையை ஊதினான். "சரி, போ" என்றான்.

அதன் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டோம். மறுநாள் மேசைத் தோலில் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். கத்திக் கீறல். 'பாய் கோபத்தில் கிழித்துவிட்டுப் போய்விட்டான்' என்று தேவதாஸ் மதாமிடம் சொன்னானாம். கிழிந்த மேசையைக் கப்பலில் ஏற்றுவானேன் என்று அவள் அழுது, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாளாம். அப்படியே வாரிக்கொண்டு வீட்டில் போட்டுக்கொண்டவன் தேவதாஸ்.

அதோடு விட்டானா? சாராயக்கடையில் உட்கார்ந்து கதை கட்டினான். மதாம் மாதிரி இடுப்பில் கை வைத்து "லா போ" என்பானாம். பாய் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு நடப்பானாம். கடையே உருளுமாம். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு அர்த்தமும் சொன்னான். பிரெஞ்சில் 'போ' என்றால் தோல். தோலைப் பார் என்று சொன்னவளிடம் கோபித்துக்கொண்டு வந்த தோல்காரன். சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா? தெருவில் பாய் தலை தெரிந்தால் போதும், "போ பாய், போ!" என்று பிள்ளைகள் பின்னால் ஓடின.

சிரிப்பையாவது துடைத்துப் போடலாம். கிழித்தவன் என்ற பெயரை என்ன செய்வது? ஊரில் தங்கிவிட்ட நாலைந்து வெள்ளைக்கார வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டன. நம் பெரிய மனுஷர்களும் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கோபம் வந்தால் கத்தியைப் போடுகிறவனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? தங்க ரேக்கு ஒட்டின கை, முடிவெட்டுகிற கடை நாற்காலிக்கும் குதிரைவண்டி இருக்கைக்கும் ரெக்ஸின் தைத்தது. "மேனி"யைப் பற்றி அவர் பேசுவதே நின்றுபோனது. அவர் வாய் மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அவர் மனைவி அக்தர் பேகம் நிக்காஹ் வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். ஒருமுறை போனபோது சாப்பாட்டு விரிப்பில் யாரோ ஒருத்தி, "தள்ளிப் போங்கன்னு சொல்ல பயமா இருக்கு, கோச்சுக்கினு போயிடுவாங்க" என்றாளாம். தட்டில் கை வைக்காமல் எழுந்து வந்தவள்தான்.

கீறியது யார் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. சொன்னவன் கன்னியப்பன். அந்த மதாம் வீட்டுச் சமையல்காரன். அவள் போனதும் வேலை போய், சொந்த ஊரான வைத்திக்குப்பத்தில் மாமன் படகில் வருகிற மீனை விற்றுக்கொண்டிருந்தான். பாய் மீன் வாங்கப் போனார், நானும் கூட நின்றேன். பாயைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. படகுக்குப் பின்னால் எங்களைத் தள்ளிக்கொண்டு போனான்.

"பாய், என் பேரை இழுக்க மாட்டேன்னு சொல்லு. அன்னிக்கு நீ போனதும் தேவதாஸ் ஐயா அடுப்படிக்கு வந்தாரு. பழம் நறுக்கற கத்தி வேணும்னாரு. குடுத்தேன். திருப்பிக் குடுக்கறப்போ அலகுல செவப்புத் தூளு ஒட்டிக்கினு இருந்துது. இன்னா பழத்துலய்யா அந்தக் கலரு?"

"உன் மதாம்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதான். அடுத்த வேலையும் வாங்கித் தரேன்னிருக்காரு. எனக்கு வயிறு இல்லையா?"

"போன்னா தோலுதானா?" என்று பாய் கேட்டார். அதையும் உறுதிபண்ணிக்கொள்ள வேண்டும் அவருக்கு.

"அடுப்படியில கேட்டதுதான் நமக்குப் பிரெஞ்சு. கோழித் தோலும் போதான், பழத் தோலும் போதான்."

பாய் மீனை வாங்காமலே திரும்பி நடந்தார். நேரே தேவதாஸ் வீட்டுக்குப் போய் நாலு சாத்துச் சாத்தப் போகிறார் என்று நினைத்து நானும் கையை முறுக்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

"இன்னா பாய், உட்டுட்டியா?"

"அடிச்சா ஒரு வாரத்துல ஆறிடும் மேஸ்திரி. எனக்கு ஆறலையே. அவனுக்கும் ஆறக் கூடாது. அந்த மேசை ஒருநாள் என் கைக்கு வரும். வராம எங்க போவும்? இந்த ஊர்ல அதைத் தொட வேற ஆளு யாரு?"

வருஷங்கள் போயின. தேவதாஸ் அந்த மேசைக் கீறலின் மேல் பூத்துணி விரித்து, மேலே ரேடியோப்பெட்டி வைத்திருக்கிறான் என்று கேள்விப்படுவோம். அதைக் கேட்டால் பாய்க்கு ஒரு தெம்பு. "காஞ்சுக்கினே இருக்கும். ஒருநாள் ஓரம் கிளம்பும்" என்பார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் யாரிடமாவது விசாரிப்பார்.

இந்த 1962-ஆம் வருஷத் தொடக்கத்தில் அது கிளம்பியது. கிளப்பியவர் ஒரு முசியே. பள்ளிக்கூடமொன்றில் பாடம் சொல்லப் பாரீசிலிருந்து வந்த இளவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், பழைய மரச்சாமான் என்றால் உயிர். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. கூடவே இருந்து பேச, வீட்டைப் பார்த்துக்கொள்ள, நம்பகமான ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குத் தேவதாஸ் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். வெள்ளைக்காரர்கள் போனதிலிருந்து அவனுடைய பிரெஞ்சுக்கு வேலை இல்லை, வெள்ளைக் கால்சட்டை முட்டியில் மஞ்சளாகிவிட்டது. முசியேவைக் குளிரப் பண்ண அந்த மேசையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினான். முசியே வந்து பார்த்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: புதுத் தோல் போட்டு மினுக்கக் கூடாது, இருக்கிற பழைய தோலையே சரிபண்ண வேண்டும்.

பழைய தோலைச் சரிபண்ணுகிறவர் யார்? முதலில் ஆள் அனுப்பினான். பாய் திருப்பி அனுப்பினார். கடைசியில் தானே வந்தான். அன்றைக்கு நான் பாய் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலிக் கையைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாய், சௌக்கியமா?"

"இருக்கேன். இன்னா வேணும்?"

"உன்கிட்ட இன்னா கேப்பாங்க, தோல் வேலைதான்."

பாய் காதில் கையை வைத்துக்கொண்டார். "இன்னாது? தமிழ்ல சொன்னா எனக்குச் சரியாப் புரியறதில்ல. மதாம் எப்படிச் சொன்னாங்களோ அப்படிச் சொல்லுங்க."

தேவதாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் பழைய கதை பாய்."

"பழைய தோலுக்குத்தானே வந்தீங்க? சொல்லுங்க."

"சரிப்பா. லா போ."

"ஆங்! இப்பப் புரியுது." பாய் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முனைக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேவதாஸ் முன்னறையில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தான், எழுந்து போனான்.

மறுநாளும் வந்தான். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே தேநீர். அதற்கடுத்த முறை வந்தபோது தெருவே வாசலில் நின்றது. அவன் வாயைத் திறக்கும் முன்னால் பிள்ளைகள் "லா போ!" என்று கத்தின. எதிர்வீட்டுக் கிழவர் மொய்னுதீன், "தம்பி தேவதாஸ், உச்சரிப்பு நல்லா இருக்கு, இன்னொரு தரம் சொல்லு" என்றார். இத்தனை வருஷமாகக் குத்புதீன் மேல் கொட்டிய சிரிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கம் மாறியது. தேவதாஸ் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். வேலை வேண்டுமே.

"கொண்டாந்து எறக்கு" என்றார் பாய். "ஆனா முடியற வரைக்கும் நீ வந்து எட்டிப் பாக்கக் கூடாது. முசியே வீட்டுக்கு நான்தான் கொண்டாருவேன். மூடின துணிய நான்தான் எடுப்பேன். சம்மதமா?"

அவன் தலையை ஆட்டினான்.

மேசை வந்தது. பாய் பூத்துணியை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டுக் கீறலைப் பார்த்தார். கையால் தடவவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து அக்தர் பேகம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"இதுதான்."

"பசைக்குத் துத்தம் போடாதீங்க" என்றாள். "வெல்லத்தைக் கரைச்சு ஊத்துங்க. இன்னிக்கு மினுக்கா இருக்கும். ஒரு மழைக்கு எறும்பும் கரப்பானும் படையெடுத்து வரட்டும். வெள்ளைக்காரன் எழுதற காகிதத்து மேலேயே ஊரட்டும். தேவதாஸைக் கழுத்தைப் புடிச்சுத் தள்ளுவான்."

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோலுக்கு மைதாப் பசைதான். அதில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. கலக்காவிட்டால் பூச்சிக்கு விருந்து. அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். கேட்டபோது எனக்கும் நாக்கில் ஜலம் ஊறியது.

"நல்ல யோசனை பாய்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா?" என்று சீறினார். "குத்புதீன் கெடுத்துட்டான்னுதானே அவன் சொல்லிக்கினு திரிஞ்சான்? அதை நானே நெசமாக்கித் தரணுமா? கெடுத்தா என் பேரு கெடும். கெடுக்காமலே கெடுக்கணும்."

"எப்படி?"

"வாய மூடிக்கினு காலைப் பாரு."

ஆடின காலுக்கு நான் புது முளை அடித்து வஜ்ஜிரப் பசை போட்டேன். இழுப்பறைகளைச் சீவி, உப்புத்தாள் தேய்த்து, அரக்குப் பாலீஷ் ஏற்றினேன். அவர் தோலோடு இருந்தார். வெதுவெதுத் தண்ணீரில் பிழிந்த துணியால் எட்டு வருஷத்து ரேடியோப்பெட்டி அழுக்கை எடுத்தார். விளக்கெண்ணெயையும் தேன்மெழுகையும் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்குக் குடிக்கக் கொடுத்தார். அவசரப்பட்டு ஊற்றினால் கறுத்துப்போகும். காய்ந்து கட்டையாகக் கிடந்த தோல் தளர்ந்து நிறம் வந்தது. கிளம்பின மூலையைத் துத்தப் பசை தடவி எலும்பால் அழுத்திப் படுக்க வைத்தார். கீறலுக்கு அடியில் மெல்லிசாகச் சீவின ஆட்டுத்தோலைக் கொடுத்து, இரண்டு உதட்டையும் சேர்த்தார். சேர்ந்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். மயிரிழை அளவுதான் தெரிந்தது. கொஞ்சம் சாயம் வைத்தால் அதுவும் போய்விடும்.

"அடேங்கப்பா! மேனிதான் பாய்" என்றேன்.

அவர் சாயக் கிண்ணத்தை எடுக்கவில்லை. முட்டையை உடைத்து, ரேக்கு ஒட்டுவதற்கு வெள்ளைக்கருவைப் பிரித்தார். ரேக்குப் பெட்டியைத் திறந்தார். வெகுநாள் திறக்காத பெட்டி. தோலில் ரேக்கைப் பதிக்கிற பித்தளைச் சக்கரத்தை அடுப்பில் காட்டினார். ஓரக் கொடியில் தேய்ந்த இடத்துக்குப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அதைப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, சக்கரத்தைக் கீறலின் தலையில் வைத்து, அதன் வளைவிலேயே, நடு மேசை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். கருஞ்சிவப்பில் ஒரு முழத்துக்குத் தங்கக் கோடு.

"ஐயோ! இன்னா பாய் இது? மூடியிருந்தா கண்ணுக்கே தெரியாதே!"

"மூட எனக்குத் தெரியும்" என்றார். "மூட மாட்டேன். இந்த மேசையில உக்கார்றவன் எவனும் இது இன்னா கோடுன்னு கேக்காம இருக்க மாட்டான். கேக்கட்டும்."

 வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. எறும்பு ஏறினாலாவது ஒருநாள் மருந்தடித்து ஓட்டிவிடலாம். இந்தக் கோட்டை என்ன செய்ய முடியும்?

கைவண்டியில் மேசையை ஏற்றி, துணி போட்டு மூடி, பகல் வெளிச்சத்தில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கம் பாய் கால் வைத்து எட்டு வருஷம். வண்டியை முன்னால் இழுத்தவன் கன்னியப்பன். பாய்தான் கூப்பிட்டிருந்தார். 'அடுத்த வேலை வாங்கித் தரேன், வாங்கித் தரேன்' என்று தேவதாஸ் இத்தனை வருஷமும் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் மீன் விற்றுக்கொண்டே இருந்தான். இனிமேல் பேரை இழுக்காதே என்று கெஞ்ச அவனுக்கு எதுவும் மிச்சமில்லை.

முசியே வீட்டு வாசலில் தேவதாஸ் நின்றான். வெளுத்துப் போட்ட கால்சட்டை. கன்னியப்பனைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"நீ இங்க இன்னா பண்றே?"

"வண்டி இஸ்துக்கினு வந்தேங்க" என்றான் கன்னியப்பன்.

கூடத்தில் இறக்கினோம். முசியே வந்தார். பாய் துணியை உருவினார். ஜன்னல் வெளிச்சம் தோலில் விழுந்தது. முசியே ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். காலைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து மூடினார், ஓரக் கொடியை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். விரல் மூலைக்கு வந்தது. தங்கக் கோட்டில் ஏறியது. கோட்டோடு நடு மேசைக்கு வந்து நின்றது.

நான் தேவதாஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு பாரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது? உதடு வெளுத்துவிட்டது.

முசியே அவனைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்பதற்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.

தேவதாஸ் சுதாரித்துக்கொண்டான். சிரித்தான். பாயைக் கையால் காட்டிக் காட்டி நீளமாக ஏதோ பேசினான். கன்னியப்பன் பாயின் காதோரம் குனிந்தான்.

"அப்பவே நீ கிழிச்சேன்னு சொல்றான் பாய். அதை இன்னிக்கு அழகு பண்ணிக்கினு வந்திருக்கேன்னு சொல்றான்."

மறுபடியும்! அதே ஆள் மேல், அதே பழி, அவர் கண் எதிரிலேயே. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பாய் நகரவில்லை. கன்னியப்பன் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு முன்னால் தள்ளினார்.

கன்னியப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது அடுப்படிப் பிரெஞ்சு. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான், தட்டில் கரண்டி வைப்பதுபோல்.

"முசியே. தேவதாஸ்." அவனைக் காட்டினான். "குத்தோ." கத்தி என்று அர்த்தம். கையால் கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். "லா போ." தங்கக் கோட்டின் மேல் அந்தக் கையை மெள்ள இழுத்துக் காட்டினான்.

அவ்வளவுதான். மூன்றே வார்த்தை.

முசியே கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு தேவதாஸைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

பிரெஞ்சைத் தண்ணீராய்க் குடித்தவன், ஊருக்கெல்லாம் நாக்காக இருந்தவன், வாயைத் திறந்தான். வந்தது தமிழ்.

"நான் இல்லீங்க... சத்தியமா நான் இல்லீங்க..."

அதை முசியேவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பின்னால் நகர்ந்துகொண்டு, வியர்த்து விட்டிருந்த அந்த ஆளைப் பார்த்தாலே போதும். அவர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குத்புதீன் மூடின துணியை நிதானமாக மடித்தார். நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேவதாஸ் எதிரில் போய் நின்றார். வாசலைக் கையால் காட்டினார்.

"தேவதாஸ் ஐயா. லா போ."

தோல் என்று எடுத்துக்கொள்கிறானா, போ என்று எடுத்துக்கொள்கிறானா, அவன் பாடு. அவன் போனான்.

முசியே கடைசியில் சொன்னதைக் கன்னியப்பன் வழியில் சொன்னான். இந்தக் கோட்டை யாரும் தொடக் கூடாது, இப்படியே இருக்கட்டும் என்றாராம். இப்போது அந்த வீட்டு அடுப்படியில் கன்னியப்பன்தான் இருக்கிறான். விருந்தாளி யார் வந்தாலும் காப்பி கொண்டுபோகிற சாக்கில் கூடத்துக்குப் போகிறான். கோடு என்ன என்று அவர்கள் கேட்பதற்காக நின்று, அந்த மூன்று வார்த்தையையும் கையை இழுத்துக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறான். பாயை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட உடனே போவதில்லை, இரண்டு தடவை ஆள் வர வேண்டும்.

ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் நிறைவேறி, அன்றைக்குக் கொடி இறங்கின ஊர் காகிதத்திலும் முழுசாக நம்முடையதாகிவிட்டது என்று தெருத்தெருவாக மிட்டாய் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் தேவதாஸ் முல்லா வீதிக்கு வந்தான். இந்த ஊரில் எனக்கு வேலை தருகிறவன் எவனும் இல்லை பாய், ஏதோ அறியாமல் செய்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே, நாலு பேரிடம் நீயே சொல்லிவிடு என்று கேட்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பொய்த் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை.

அக்தர் பேகம் கதவு மறைவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தார். அவன் கெஞ்சி முடித்த பிறகு, "நாலு பேருகிட்டயும் சொல்றேன்" என்றார். "நடந்ததைத்தான் சொல்லுவேன்."

அவன் போன பின்னால் நான் கேட்டேன், "உன்னை இன்னும் போ பாய்னுதான கூப்புடறானுங்க. அந்தப் பேரை மட்டும் தொடைக்க முடியலியே?"

பாய் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சிரித்தார்.

"எதுக்குத் தொடைக்கணும்? கூப்புடட்டும். அந்தப் பேரு ஏன் வந்துதுன்னு ஒருத்தன் கேப்பான் இல்ல? அவனுக்கு உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, தேவதாஸ் பேரோட ஆரம்பிச்சு முழுசாச் சொல்ல எனக்கு நேரம் இருக்கு மேஸ்திரி."